பனி பெய்தால் வருகிறேன்

சனிக்கிழமை காலை ஒன்பதேகால். மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஈவன் லெக்கி காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

முந்தின மாலை டண்டீ ஆஸ்பத்திரியில் மனைவி மோரக் கேட்டாள்.

"நாளைக்கு வருவியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு சனிக்கிழமையைக் கேட்டதில்லை. இந்தக் கால்பந்து கிளப்புக்காக அவன் ஆடியபோதும் சரி, முட்டி போய் மேனேஜர் ஆன பிறகும் சரி, மேட்ச் தொடங்கும் சனிக்கிழமை மூன்று மணி அவளுடையதாக இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் பார்வை நேரமும் இரண்டிலிருந்து நான்கு வரைதான்.

சனிக்கிழமை இரவைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் வராந்தாவில் சொல்லியிருந்தார். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. விசாரித்தவர்களிடம் நெஞ்சுச்சளி என்றான்.

வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம்.

"பனி பெஞ்சு மேட்ச் நின்னுதுன்னா வந்துடறேன்" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "பெய்யட்டும்."

இரவெல்லாம் பெய்தது.

காரிலிருந்து இறங்கிக் கேட்டைத் தள்ளினான். ஊரே உள்ளே நின்றது. மீன்கடைக்காரர், பாதிரியார், தபால்காரர். பனியை வாரி வாரி முக்கால் மைதானம் பச்சையாகிவிட்டது.

"என்னடா முழிக்கற?" என்றார் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வில்லி டஃபஸ். "கிளாஸ்கோக்காரன், அவ்வளவு பெரிய டீம், கப் மேட்சுக்கு நம்ம ஊருக்கு வர்றான். உன் ஆயுசுல இன்னொரு தரம் வருவானா? விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டோம், உனக்காக."

"யார் கேட்டா உங்கள?"

"கேட்டீங்களா, நன்றி சொல்றான்." சிரித்தார்கள். "அந்தப் பாதிரியாரப் பாரு, எப்படிக் குனிஞ்சு அள்றாரு. நீ ஆடுற காலத்துல இவ்வளவு குனிஞ்சிருந்தா கிளாஸ்கோக்காரன் உன்ன அப்பவே தூக்கிட்டுப் போயிருப்பான்."

பதினொரு மணிக்கு நடுவர் வந்தார். பந்தை அங்கங்கே தட்டிப் பார்த்தார். கடைசியில் லெக்கியைக் கடற்கரைப் பக்கத்து கோலருகே கூட்டிப்போனார்.

"மிஸ்டர் லெக்கி, இந்த மூலை இன்னும் உறைஞ்சு கல்லாத்தான் இருக்கு. ஆடலாம்னும் சொல்லலாம், வேண்டாம்னும் சொல்லலாம். புதன்கிழமைக்குத் தள்ளினா யாரும் என்னைத் தப்பு சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு எப்படி?"

மண்வெட்டிகள் நின்றிருந்தன. மீன்கடைக்காரர் கையுறையைக் கழற்றி உள்ளங்கைக் கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தார். வில்லி இவனையே பார்த்தார்.

லெக்கி குதிகாலால் தரையைக் குத்தினான். மண் உடையவில்லை.

"ஆடலாம்" என்றான்.

கூட்டம் கத்தியது. யாரோ முதுகில் தட்டினார்கள். வில்லியின் மனைவி நெட்டா, மோரக்கோடு பள்ளிக்கூடம் போனவள், டீக் குவளையை அவன் கையில் திணித்தாள்.

"நாளைக்குப் போய் நீயே ஸ்கோரச் சொல்லு, ஈவன். கேட்டா மோரக் எழுந்து உக்காந்துடுவா, இல்ல?"