தீனதயாளன் அடுப்பு மூட்டினார்

என் வீட்டுக்காரர் தீனதயாளனுக்கு திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. டிக்கெட் கொடுப்பதைவிடப் பேசுவதுதான் அவருக்கு முக்கிய வேலை. யாராவது ஜன்னலோரம் உட்கார்ந்து வடைப் பொட்டலத்தைப் பிரித்தால் போதும், வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிடுவார்.

“அது செத்த சாமான்மா. எண்ணெயில போட்டப்பவே அதுல இருந்த என்சைம் அத்தினியும் செத்துப்பூட்ச்சி. பொணத்தத் துன்னுக்கினு போறீங்களே!”

பாவம், வடை வாங்கியவள் அதைத் தின்னவும் முடியாமல் தூக்கி எறியவும் முடியாமல் விக்கிரவாண்டி வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு வருவாள்.

எல்லாம் தொண்ணூற்றாறில் வந்த வினை. கண்ட கண்ட ஓட்டலில் பரோட்டாவும் டீயுமாகக் காலம் தள்ளியதில் வயிற்றில் புண் வந்துவிட்டது. யாரோ ஒருவர் பேச்சைக் கேட்டுப் புதுச்சேரியில் நடந்த இயற்கை உணவு முகாமுக்குப் போனார். திரும்பி வந்தவர் தேங்காய், கொய்யா, வெள்ளரிக்காய், ஊறவைத்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, முளைகட்டிய பயறு, இவ்வளவுதான் இனிமேல் என்று சொல்லிவிட்டார். சமைக்காத உணவில்தான் என்சைம் உயிரோடு இருக்கிறதாம், கை பொறுக்காத சூடு பட்டாலே அது செத்துவிடுமாம், அது இல்லாததால்தான் ஊரில் இத்தனை நோயாம். சில மாதத்தில் அவருக்கு வயிற்றெரிச்சல் அடங்கியது நிஜம். பரோட்டாவை விட்டால் யாருக்குத்தான் அடங்காது என்று நான் கேட்டேன். அவர் என்சைமைப் பற்றி இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

அன்றிலிருந்து என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. கல்யாணமான புதிதில் என் கருவாட்டுக் குழம்புக்காக டியூட்டி முடிந்து ஓட்டமாக ஓடி வந்த மனுஷர் அவர். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். எனக்கு அழுகை வரும், கோபமும் வரும். நானும் என் மகள் சங்கவியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிடுவோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்ல மனசு. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் வகுப்பு எடுப்பார். கூட்டம் அலைமோதும். வருகிறவர்களுக்கெல்லாம் தன் செலவில் முளைப்பயறு கொடுப்பார். மருந்தை நிறுத்து, ஊசியை நிறுத்து என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. தான் நம்பாத எதையும் அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய ஒரே சிநேகிதர் அப்பாண்டைராஜ். சொந்த ஊர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர், நாங்கள் நயினார் என்போம். திண்டிவனத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பாத்திரமே வேண்டாம் என்கிறவருக்கும் பாத்திரம் விற்கிறவருக்கும் எப்படித்தான் ஒத்துப்போனதோ தெரியாது. மனுஷர் பரம சாது. கறி மீன் கிடையாது, பூமிக்கு அடியில் விளைகிற எந்தக் கிழங்கும் கிடையாது, பொழுது சாய்ந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது.

மனைவி இறந்த பிறகு அப்பாண்டைராஜ் தனியாக ஒரு குண்டான் சோறு வடித்து, தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போவார். சர்க்கரை வியாதி ஏறிக்கொண்டே போயிற்று. புதுச்சேரி டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்து, சோற்றைப் பாதியாகக் குறைத்துக் காயை இரண்டு மடங்காக்கு என்றார். காய் நறுக்கிச் சமைக்கத் தெரியாத ஆம்பிளைக்கு என் வீட்டுக்காரர்தான் துணை. தினம் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தூக்குச்சட்டி நிறைய வெள்ளரியும் தேங்காயும் கொய்யாவும் நறுக்கிக் கொண்டுபோய் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைப்பார். சர்க்கரை இறங்கியது. “எல்லாம் என்சைம்!” என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

இந்தச் சமயத்தில்தான் மேல்சித்தாமூரில் அப்பாண்டைராஜின் பங்காளி வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருக்கிறார்கள், வந்து நாலு வார்த்தை பேசு தீனா என்று கூப்பிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு பேசின் நிறைய முளைகட்டிய பச்சைப்பயறைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஒரு கை பயறை அள்ளித் தூக்கிக் காட்டினார்.

“இது இன்னா தெரியுமா? இது உயிரு! இந்தப் பேசினுக்குள்ள கோடிக்கணக்கான உயிரு துடிச்சிக்கினு இருக்கு! வேவ வெச்சா அத்தினியும் செத்துடும். அப்படியே வாயில போட்டு மென்னீங்கன்னா, உயிரோட உள்ள எறங்கும்!”

முன்வரிசையில் இருந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பெரியவர் பேசினுக்குப் பக்கத்தில் நீட்டியிருந்த காலை வெடுக்கென்று மடக்கினார். இவர் அதையெல்லாம் பக்தி என்று நினைத்துக்கொண்டு இன்னும் குரலை உயர்த்தினார். நான் சைகை காட்டினேன். எங்கே பார்க்கிறார்!

கடைசியில் அந்தப் பெரியவர் மெதுவாகச் சொன்னார். “ஐயா, ஒரு பூச்சி பொட்டு வாயில பூந்துடக்கூடாதேன்னு வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடியே சாப்டுட்ற சனம் நாங்க. நீங்க கோடி உயிர மென்னு துன்னச் சொல்றீங்களே.”

எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் அப்பாண்டைராஜ் ஊர்க் கோயிலுக்குள் போய்விட்டு வந்து எங்களோடு பஸ் ஏறினார். திண்டிவனத்தில் இறங்கியதும் சொன்னார். “இத்தினி நாளு தெரியாம துன்னுட்டேன் தீனா. பச்சையா எதையும் இனிமே தொடறதில்லன்னு கோயில்ல விரதம் எடுத்துக்கினேன். நீ கோவிச்சிக்காத.”

பேசிப் பேசியே சிநேகிதன் தட்டில் இருந்த காயைப் பிடுங்கிப் போட்டுவிட்டார் என் வீட்டுக்காரர்.

அப்பாண்டைராஜ் மறுபடி குண்டான் சோற்றுக்குத் திரும்பினார். சர்க்கரை மளமளவென்று ஏறியது. இடது கால் கட்டைவிரலில் சின்னதாக இருந்த புண் பெரிதாகி, விரல் நுனி கறுத்துப்போயிற்று. டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டினார். சாப்பாட்டில் கட்டு இல்லாவிட்டால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டி வரும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்குத் தேங்காயும் இறங்கவில்லை, கொய்யாவும் இறங்கவில்லை. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே பாத்திரக்கடைக்குப் போனார்.

“அதுல உயிரும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா. சும்மா கூட்டத்துக்காவப் பேசினேன். வெள்ளரிக்கா வெறும் தண்ணி. துன்னுடா.”

அப்பாண்டைராஜ் சிரித்தார். “நீ அத நம்பறவன் தீனா. பொய் சொல்றப்ப ஒன் மூஞ்சி நல்லாவே இல்ல.”

“அப்ப கால எடுத்துக்கினு போவட்டும்ன்றியா?”

“வேவ வெச்சித் தந்தா துன்னலாம். வெந்ததுல உயிரு இருக்காது, விரதம் தடுக்காது. எனக்குத்தான் அந்த வேல வரலியே.”

நான் சமைத்துத் தருகிறேன் என்றேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். “ஒங்க மனசு பெருசும்மா. ஆனா ஒங்க சட்டியில கருவாடு வெந்திருக்கும். தப்பா நெனச்சிக்காதீங்க.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? நேற்று வெந்ததும் அதுதான்.

என் வீட்டுக்காரர் கடை அலமாரியிலிருந்து ஒரு புது எவர்சில்வர் சட்டியையும் மூடியையும் எடுத்தார். “வூட்டுச் சாவியக் குடுடா” என்றார்.

டிப்போவில் கெஞ்சிக் கூத்தாடி விடியற்காலை டியூட்டிக்கு மாறிக்கொண்டார். மத்தியானம் முடிந்ததும் நேரே அப்பாண்டைராஜ் வீட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார். முதல் நாள் நானும் கூடப் போனேன். அவர்கள் வழக்கப்படி தண்ணீரைத் துணியில் வடிகட்டினார். கொத்தவரங்காயை நறுக்கினார். தீக்குச்சியைக் கிழித்து அடுப்பை மூட்டினார். ஊரெல்லாம் கொலை என்று சொல்லிக்கொண்டிருந்த காரியத்தை அவரே செய்கிறார். சட்டியை மூடிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். எனக்காகக் கடித்துக்கூடப் பார்க்காத சமையலைச் சிநேகிதனுக்காகச் செய்கிறாரே என்று இருந்தது. அதே நேரத்தில் இப்படி ஒரு மனுஷருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று பெருமையாகவும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் காயை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். “முக்கால் பதம் வெந்திருக்கு. எறக்கிடுங்க. ஒங்க என்சைமும் கொஞ்சம் பொழச்சிக்கும்” என்று கிண்டல் பண்ணினேன்.

அவர் சிரிக்கவில்லை. “வாணாம் அம்சா. முழுசா வேவட்டும். ஒண்ணு ரெண்டு உயிரோட இருந்தாலும் அவன ஏமாத்துனதா ஆயிடும்” என்று தீயைக் கூட்டினார்.

கொத்தவரங்காய் குழைந்து கூழானது. உப்பு நான்தான் பார்த்தேன். அப்பாண்டைராஜ் அன்று கைப்பிடி சோற்றோடு அந்தக் கூழைச் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்று அவர் சொன்னதை மட்டும் நான் நம்பவில்லை. போகப் போக இவருக்கும் கை பழகிவிட்டது. புடலங்காயில் பயத்தம்பருப்பு போடவும் அவரைக்காயில் தேங்காயைப் போட்டு வேகவைக்கவும் கற்றுக்கொண்டார்.

விஷயம் வெளியே தெரியாமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வெங்கடாசலம் என்று தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்தார்.

“நீங்க யாரோ நயினாருக்குக் காய வேவவெச்சிப் போட்றீங்களாமே. மெய்தானா?”

“மெய்தாங்க.”

“அதுல என்சைம் இருக்காதே. அவருக்கு எப்படிங்க சக்கர எறங்கும்?”

அந்த இடத்தில் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய்ப்பேச்சுக்கு அவரிடம் என்ன பஞ்சம்? கொட்டகை நிறைய ஆட்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டம்தான் அவருக்கு உசிர் என்று எனக்குத் தெரியும்.

“எறங்கிக்கினு இருக்குங்க” என்றார். “ஊசி போட்டுக்கறான், சோத்தக் கொறச்சான், காய் துன்றான். என்சைம் ஒண்ணுகூட இல்லாம எறங்குது. அது ஏன்னு எனக்குத் தெரியல. நான் இத்தினி வருசமா எல்லாத்துக்கும் என்சைம்தான்னு அடிச்சிச் சொன்னது தப்பு. பச்சையாத் துன்றது எனக்கு ஒத்துக்குது, நான் துன்றேன். அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது.”

அடுத்த வாரம் கொட்டகையில் பாதிக்கூட்டம் இல்லை. அதற்கடுத்த வாரம் இவரும் நானும் முளைப்பயறும்தான். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் வடையை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, “சாப்புட்றீங்களா கண்டக்டரே?” என்று கேலி செய்தார்கள். அவருக்கு வலித்தது. ஆனால் ஒருநாளாவது சாயங்காலச் சமையல் நிற்கவில்லை.

மழைக்காலம் முடிந்து பனி தொடங்கியபோது புண் ஆறியிருந்தது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, விரல் நுனியில் நகம் போனதோடு தப்பித்தது, சாப்பாட்டை இப்படியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் புடலங்காய்க் கூட்டை இவர் தட்டில் போட்டுக் கொடுத்தார். அப்பாண்டைராஜ் தட்டில் கையை வைக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

“தீனா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருக்கேன். வெந்த காயி எனக்குப் பாவமில்ல. ஆனா பச்சக் காயில உயிரு இருக்குதுன்னு நீ இன்னமும் நம்பற. நம்பிக்கினே தெனம் எனக்காவ அடுப்புல வெச்சிக் கொல்ற. அந்தப் பாவம் ஒனக்கு வராதாடா?”

என் வீட்டுக்காரர் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வந்தா வரட்டும். பாவம் எனக்கு இருக்கட்டும், காலு ஒனக்கு இருக்கட்டும். ஆறிப்போவுது, துன்னு.”