திமிங்கிலத்தின் வாலுக்குக் கீழே

1997ஆம் ஆண்டுக் கோடையில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எம்பிராய்டரிக் கடை வைத்திருந்த ரினோஸாவிடம் சத்தியமூர்த்தி ஒரு பழைய ஹொக்கிச் சட்டையைக் கொண்டுவந்தார். அதன் நெஞ்சிலிருந்த சின்னம் நைந்துபோயிருந்தது.

"ஹார்ட்ஃபர்ட் வேலர்ஸ். இப்ப அந்தப் பேரில ரீமே இல்லை, தங்கச்சி. வேற ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்கள்," என்றார்.

ரொறன்ரோவுக்கு வருமுன் அவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் ஆறு வருடம் சமையல் வேலை செய்தவர். பெரிய லீக்கில் பதினெட்டு வருடம் ஆடியும் அந்த அணி கிண்ணத்தைத் தொடவில்லை. ஆனாலும் அவருக்கு அதுதான் அணி.

புதிதாகத் தைப்பதற்காக ரினோஸா சின்னத்தைக் கட்டத்தாளில் வரைந்தாள். வேலர்ஸ் என்றால் திமிங்கிலம் பிடிப்பவர்கள்; மேலே நீலத்தில் திமிங்கிலத்தின் வால், கீழே பச்சையில் அந்தப் பேரின் ஆங்கில முதலெழுத்து 'டபிள்யூ', நடுவே வெள்ளை. வெறும் இடைவெளிதானே, கொஞ்சம் குறுக்கலாம் என்று நினைத்து, அளவெடுக்க வெள்ளையின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். தாளில் ஓர் எழுத்து எழுந்து நின்றது.

"அண்ணை, இங்க பாருங்க! நடுவில ஒரு 'எச்' இருக்கு. ஹார்ட்ஃபர்ட்டுக்கு எச்!"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஆறு வருஷமா நெஞ்சில போட்டுக்கொண்டு திரிஞ்சன். ஒருநாளும் காணேல்லையே!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரினோஸா வெள்ளையில் ஒரு நூலும் குறையாமல் தைத்துக் கொடுத்தாள்.

சத்தியமூர்த்தி அதை வாங்க வந்த அன்று, வெயிலையும் பாராமல் சட்டையை அங்கேயே மாட்டிக்கொண்டார். பஸ் தரிப்பிடத்தில் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் நெஞ்சில் விரலால் 'எச்' எழுதிக் காட்டிக்கொண்டிருந்ததை அவள் கடைக் கண்ணாடி வழியே பார்த்தாள்.