'டாக்' என்ற சொல்லுக்கு வாக்கியங்கள்

என் அக்கா வீட்டுக்காரரை எனக்குக் கண்டாலே ஆகாது. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. அகராதி அலுவலகத்தில் அவரும் நானும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். ஜன்னலோரக் கணினியில் அக்கா தட்டச்சு செய்கிறாள். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர் அவர்தான். அதை அவர் மறந்ததும் இல்லை, என்னை மறக்க விட்டதும் இல்லை. "நான் இல்லேன்னா நீ இன்னைக்கு எங்க இருந்திருப்ப?" என்பதுதான் காலையில் அவர் எனக்குச் சொல்லும் வணக்கம். எந்தப் பேச்சையும் தானே முடித்து வைப்பதால் அலுவலகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பட்டப்பெயர். நேரில் நான் அத்தான் என்பேன். அதற்கே நாக்கு கூசும்.

எங்களுடையது ஆங்கிலம்-தமிழ் அகராதி. ஆங்கிலச் சொல்லின் பொருள்களை ஒருவர் எழுத வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தமிழில் ஒரு வாக்கியத்தை இன்னொருவர் தர வேண்டும். வாக்கியத்தைச் சொந்தமாகப் புனையக் கூடாது. யாராவது பேசி, காதால் கேட்டதாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் பதிப்பாசிரியர் தாட்சண்யம் பார்க்க மாட்டார். 'ஆடு' என்ற பொருளுக்கு வாக்கியம் புனைந்த ஒரு மனிதரை அன்றைக்கே மூட்டை கட்ட வைத்தார். பாவம், அந்த மனிதருக்கு ஆடு வளர்ப்பவர்கள் யாரையும் தெரியாது.

'டாக்' என்ற சொல்லுக்கு அத்தான் பொருள் எழுதினார். குறை சொல்ல முடியாது, நன்றாகவே எழுதியிருந்தார். நாய், குறிப்பாக ஆண் நாய், இழிந்த ஆள், மட்டமான சரக்கு, பட்டறையில் இரும்பைப் பிடிக்கும் கவ்வி, வினையாக வந்தால் விடாமல் பின்தொடர்வது, கடைசியில் நாய்ப் பிழைப்பு. வாசலில் காவலுக்குப் படுத்திருக்கும் ஜீவனை வெள்ளைக்காரன் இத்தனை விதமாகத் திட்டியிருக்கிறான். நாமும் சளைத்தவர்கள் இல்லை.

கவ்விக்கான வாக்கியம் கீழ்த்தளத்துப் பட்டறையில் கிடைத்தது. மட்டமான சரக்குக்குப் பழைய சாமான் கடை இருந்தது. திட்டுகளுக்கு நான் எங்கும் அலையவில்லை. அக்கா வீட்டை ஒட்டிய அறையில்தான் குடியிருக்கிறேன். நடுவில் இருப்பது பேருக்குத்தான் சுவர்.

எத்தனையோ தடவை அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "ஏன்க்கா இதையெல்லாம் வாய மூடிட்டு கேட்டுட்டு இருக்க?"

"அவரு அப்படி ஒண்ணும் சொல்லலையே. உனக்குத்தான் காது நீளம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவளும் ஒரு மனுஷியா என்று தோன்றும். அந்த ஆத்திரத்தில்தான் கேட்டதையெல்லாம் வாக்கியமாக எழுதிக் கொடுத்தேன். அக்காதான் தட்டச்சு செய்தாள். ஓர் எழுத்து பிசகவில்லை.

பொருள் எழுதியவரே வாக்கியங்களைப் பதிப்பாசிரியர் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பேச்சு வழக்கா இல்லையா என்பது காதுக்குத் தெரிந்துவிடும் என்பார் அவர். கொழுந்தியாள் எழுதியதை முன்கூட்டியே புரட்டிப் பார்ப்பது அத்தானின் கௌரவத்துக்குக் குறைச்சல். நேராகப் படிக்க ஆரம்பித்தார்.

"கவ்வி சரியா பிடிக்கல, சுத்தினா கம்பி நழுவுது." அதைப் படிக்கும்போது குரல் தட்டுத் தடுமாறியது. அடுத்தது பின்தொடர்வது. "சமையக்கட்டுக்குப் போனா அங்க, மாடிக்குப் போனா அங்க, எதுக்குடி மோப்பம் பிடிச்சுட்டுப் பின்னாடியே வர்ற?" இது வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே 'டி'யை அழுத்த வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"ரொம்ப இயல்பா இருக்கே!" என்றார் பதிப்பாசிரியர்.

இழிந்த ஆளுக்கான வாக்கியத்தில் அத்தானின் குரல் இறங்கியது. "போட்டதைத் தின்னுட்டு நாய் மாதிரி மூலையில கிட." தாளைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

"சார், இது பூராவும் புனைஞ்சது. எந்த மனுஷன் இப்படிப் பேசுவான்? விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? இவளை இன்னைக்கே அனுப்புங்க."

பதிப்பாசிரியர் என் பக்கம் திரும்பினார். "யார் பேசிக் கேட்டேம்மா?"

"இவரு பேசித்தான். எங்க அக்காகிட்ட."

"கூடக் கேட்டவங்க யாராவது இருக்காங்களா?"

அறையில் அக்காவைத் தவிர வேறு ஆள் இல்லை. என் வேலை அவள் வாயில் இருந்தது. அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு மனப்பாடம். மேசை இழுப்பறையில் என் சாமான்கள் என்னென்ன இருக்கின்றன என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அக்கா நாற்காலியைத் திருப்பினாள். "அதுல ஒரு வாக்கியம் தப்பு, சார்."

அத்தான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "கேட்டீங்களா?"

"தங்கச்சி சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டா. பாதிதான் கேட்டிருக்கு. 'நாய் மாதிரி மூலையில கிட'ன்னு சொன்னதோட அவரு நிறுத்தல." அக்கா எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னாள். "'வாயைத் திறந்த, உன் தங்கச்சி வேலை போயிடும். அவளும் தெரு நாயா அலைவா.' இவ்வளவும் சேர்ந்துதான் அந்த வாக்கியம். இங்க இவ வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து கேட்டுட்டு இருக்கேன்."

இத்தனை காலம் இவளை என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன். அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"திருத்தித் தட்டிடட்டுமா, சார்?" என்று கேட்டாள்.

"முழுசாத் தட்டும்மா," என்றார் பதிப்பாசிரியர். அவர் அத்தானைப் பார்க்கவே இல்லை.

அத்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அக்காவின் காதருகே குனிந்தார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. "வீட்டுக்கு வா. உன்னை வச்சுக்கிறேன்."

அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை.

"இதையும் மூணு பேரு கேட்டிருக்கோம், சார்," என்றாள்.