ஒன்பது வருடம் விழுந்தவள்

ஸல்த் ஊரின் மேல்தெருப் படிக்கட்டில் உம் ராக்கான் விழத் தொடங்கிய வருடம் ஒன்று, விழுந்து முடித்த வருடம் வேறு. நடுவில் ஒன்பது வருடம் ஓடிப்போயிற்று. குற்றம் பக்கத்து வீட்டு ஜலீலாவுடையது. அந்த ஊரில் யாராவது விழுந்தால் "அல்லாஹ்வோட பேரு உன்மேல" என்று சொல்லி, விழுந்த இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளிப்பார்கள். அடி பெரிதாகாமல் அத்தோடு நின்றுவிடும். ஆனால் விழுந்த பிறகுதான் சொல்ல வேண்டும். ஜலீலாவுக்கு எதிலும் அவசரம். வாசலில் முலுக்கியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தன் சிநேகிதி படியில் இடறிச் சரிவதைக் கண்டதும், அவள் தரை தொடும் முன்பே அந்தப் பேரைச் சொல்லிக் கத்திவிட்டாள். விழுகை பாதியில் நின்றது. உம் ராக்கான் முன்புறம் சாய்ந்து, குதிகால் தூக்கி, கைகள் விரிந்த நிலையில் அப்படியே நின்றுபோனாள். தெருவே கூடிவந்து பார்த்தது. யார் இழுத்தும் அவள் நிமிரவில்லை, யார் அழுத்தியும் அவள் விழவில்லை. பிறகு எல்லாரும் அவரவர் அடுப்பைப் பார்க்கப் போனார்கள்.

படுத்தால், உட்கார்ந்தால் அவளும் மற்றவர்களைப் போலத்தான். எழுந்து நின்றாளென்றால் விழுந்துகொண்டிருப்பாள். காற்றே இல்லாத நாளிலும் அவளுடைய முக்காடு பின்னால் பறக்கும். இடறும் நொடியில் அடிவயிற்றில் ஒரு பகீர் வருமே, அது அவளுக்கு ஒன்பது வருடமும் போகவில்லை. சோறு வடிக்கும்போதும் அந்தப் பகீர், பேரனை முத்தமிடும்போதும் அந்தப் பகீர். தலைநகர் அம்மானில் இருந்த பெரிய மருத்துவர் அவளை நேராக நிற்கச் சொன்னார், அவள் முடியாது என்றாள், அவரும் சரி என்று அனுப்பிவிட்டார். பள்ளிவாசல் ஷேக்கைக் கேட்டதற்கு, சொன்ன பேரைத் திரும்ப வாங்க முடியாது, அது தானாகத் தளரும்போதுதான் தளரும் என்றார். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். ஆட்களைச் செருப்பை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளப் பழகினாள்.

சாவுக்கு அவள் பயப்படவில்லை. அவளுடைய பயமெல்லாம் போர்வைக்குத்தான். அவளுடைய அக்கா கஸ்னா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தபோது, நாலு பேர் அவளைப் போர்வையில் கிடத்தி இந்தப் படிக்கட்டு வழியாகத்தான் இறக்கினார்கள். பாதிப் படியில் கஸ்னா தலையைத் திருப்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் படியேறி வரவே இல்லை. தன்னையும் அப்படி இறக்கிவிடுவார்களோ என்ற நினைப்பு உம் ராக்கானின் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

உம் ராக்கான் என்றால் ராக்கானின் அம்மா; அந்த மகன் அம்மானில் ஐந்தாம் மாடியில் இருந்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து ஒரே பாட்டைப் பாடுவான்.

"யம்மா, அங்க படியே கிடையாது. லிஃப்ட் இருக்கு. பட்டனை அமுக்குனா போதும்."

"நான் என்ன மூட்டையாடா, ஏத்தி இறக்க?"

மூன்றாம் வருடம் சுகாதார நிலையத்திலிருந்து லமீஸ் என்ற பெண் வந்தாள். வயதானவர்களுக்கு விழாமல் நிற்கப் பயிற்சி தருவதுதான் அவளுக்கு வேலை. உம் ராக்கானைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. அவள் பார்க்கும் கிழவிகள் எல்லாருமே விழுந்துகொண்டிருப்பவர்கள்தான், என்ன, இவள் கொஞ்சம் மெதுவாக விழுகிறாள்.

"ஹஜ்ஜா, இதை நிறுத்த எனக்குத் தெரியாது. ஒருநாள் மிச்சமும் வந்தே தீரும். அன்னைக்கு உங்க கால் முன்னால போய் நிக்கணும். நாம கத்துக்கப் போறது அதைத்தான்" என்றாள்.

அன்று முதல் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை உம் ராக்கான் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். பிறகு மறுகால். கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்தாள். சுவரோரமாக, ஒரு பாதத்தின் விரலை மறுபாதத்தின் குதிகால் தொட, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். முதலில் தொடை நடுங்கியது, கண்ணில் நீர் வந்தது. விடவில்லை. வெளியே போனால் ஜலீலா முன்னால் பின்நடையாக, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டே வருவாள். தன் அவசரத்தை நினைத்து அவள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள், ஆனால் மன்னிப்பென்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை, கைகள்தான் நீண்டன.

"என் மூஞ்சியையே பாத்துட்டு நடக்குறியே, அலுக்கலையாடி உனக்கு?"

"மூஞ்சி எங்க தெரியுது? வருஷக்கணக்கா உன் உச்சந்தலையத்தான் பாக்குறேன்."

ஒன்பதாம் வருடம், ஆலிவ் பறித்து முடிந்த வாரம், ராக்கான் பேச்சை நிறுத்திவிட்டு, தாயை அம்மானுக்குக் கூட்டிப்போகப் பெட்டிகளோடு வந்தான். தாயின் நெற்றி அதற்குள் முழங்காலுக்கு நேரே வந்திருந்தது. இன்னொரு மழையை இவள் தாங்கமாட்டாள் என்று அவன் சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை. அவளும் மறுக்கவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அல்லாஹ்வின் பேர் தளர்ந்தது. பாக்கி விழுகை மொத்தமும் ஒரே மூச்சில் வந்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பேர் முந்திக்கொண்டு வந்துவிடாமல் தத்தம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன்னால் இறங்கிக்கொண்டிருந்த ஜலீலா, நீட்டிய கைகளை எடுக்காமல் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டாள். உம் ராக்கானின் இடதுகால் யாரையும் கேட்காமல் முன்னால் போய் அடுத்த படியில் ஊன்றியது, முழங்கால் மடங்கியது, உடைந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள், உடையவில்லை. வலதுகால் வந்து சேர்ந்தது. அவள் ஒருமுறை ஆடி, நிமிர்ந்தாள். முக்காடு முதுகில் அடங்கி விழுந்தது.

ராக்கான் பெட்டியின்மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"விழுந்தது நான். நீ எதுக்குடா அழுவுற? பெட்டியெல்லாம் மேல தூக்கு."

தூக்கினான். அந்த வருடம் ஆலிவ் எண்ணெய் நன்றாக வந்திருந்ததால் ஊரில் பேச வேறு விஷயங்களும் இருந்தன.

ஜலீலாவின் கைகள் மட்டும் இறங்கவில்லை. நீட்டியது நீட்டியபடியே நின்றுவிட்டன. லமீஸ் வந்து தோளை நீவிப் பார்த்துவிட்டு, வலி இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றாள். தெருப் பெண்கள் பேசி முடிக்கும்வரை ரொட்டிப் பைகளை அவற்றில் மாட்டிவைக்கப் பழகிக்கொண்டார்கள். உம் ராக்கானுக்கு நாற்காலி தேவைப்படவில்லை. காலையில் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்குவாள்.

"அதான் விழுந்து முடிச்சாச்சே, இன்னும் எதுக்குடி இது?"

"அது அந்த விழுகை. அடுத்தது எப்ப வரும்னு யாரு கண்டா? ஆடாம நில்லு."

ஜலீலா ஆடாமல் நின்றாள்.