காப்பாளர் என்று எழுதிய இடம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இன்று ஒரு கோபக்காரத் தங்கையின் கதை சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில், அக்காவின் உடலை வாங்கும் படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கை பக்கத்தில் நின்றாள். உறவு என்ற இடத்தில், பழக்கத்தில் 'காப்பாளர்' என்று எழுதினார்.

அக்கா தையற்காரி. மூன்று வருடத்துக்கு முன் தலையில் அடிபட்டுப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள். அவளுக்காக முடிவெடுக்க நீதிமன்றம் அண்ணனைக் காப்பாளராக்கியது. அது சரிதான். ஒரே வருடத்தில் அவள் தேறிவிட்டாள். மறுபடி அளவெடுத்தாள், தைக்கக் கொடுத்தவர்களோடு மல்லுக்கு நின்றாள். ஆனாலும் ஒரு சிம் கார்டு வாங்கக்கூட அண்ணன் கையெழுத்து வேண்டும். உத்தரவை ரத்துசெய்ய மனுப் போட்டாள். டாக்டர் சான்று கேட்டார்கள். காப்பாளர் அழைத்துவந்தால்தான் டாக்டர் பார்ப்பார். அண்ணன் "அடுத்த வாரம்" என்றார். அப்படியே பதினோரு வாய்தா. ஒருவழியாகச் சான்று கிடைத்து, அன்று பதினோரு மணிக்குத் தீர்ப்பு. விடிகாலையில் அவளுக்கு மாரடைப்பு.

கவுண்டர்க்காரர் படிவத்தைத் திருப்பினார். "சார், கார்டியன்னு போடக்கூடாது. அவங்க இறந்ததோட அந்த உத்தரவு தானா முடிஞ்சிடும். என்ன சொந்தம்னு போடுங்க."

"தானாவா?" என்றாள் தங்கை. "ரெண்டு வருஷமா கோர்ட்டுக்கு நடையா நடந்தாளே! உசிரோட இருந்தப்ப முடியாதது, செத்ததும் தானா முடியுதா?"

"மெதுவா பேசும்மா. எல்லாரும் பாக்கறாங்க," என்றார் அண்ணன்.

"பாக்கட்டும்! 'அம்பத்திரண்டு வயசுல மேஜராகப் போறேன்டி, உனக்கு மிட்டாய் தரேன்'னு நேத்துகூட சிரிச்சா."

"மறுபடி அவளுக்கு ஏதாவது ஆயிட்டா யாரு பாக்கறதுன்னு பயந்தேன்மா."

"பயந்தா கூட வந்து உக்காந்திருக்கணும்ணே. அவ கையைக் கட்டிப் போட்டிருக்கக் கூடாது."

கவுண்டர்க்காரர் புதுப் படிவம் நீட்டினார். அண்ணன் பெயரை எழுதினார். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"அண்ணன்னு போடுங்க சார்."

அவர் போடவில்லை.

தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. "அவளைத் தனியா விடாதே. இன்னைக்காவது கூட இரு. கோர்ட்டுல அவ பேரைக் கூப்பிடறப்ப நான் அங்க இருக்கணும்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள்.

நீதிமன்றத்தில் நான்காவது வழக்காக அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

தங்கை எழுந்து நின்றாள்.

உங்கள் வீட்டில் ஒவ்வொருவர் சொல்லும் அவர்கள் இருக்கும்போதே எடுபடட்டும், கண்ணுகளா.