கறை ஏறிய காந்தம்

திங்கட்கிழமை அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஐந்து வருட உழைப்பு ஒரே வரியில் அடங்கும்: மற்றவர்கள் விலை உயர்ந்த உலோகத்தைத் தூவிச் செய்கிற வேதிவினையை, உலோகத்தின் தயவே இல்லாமல் அவள் செய்து காட்டிவிட்டாள். பேராசிரியர் போகிற இடமெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டார். வீட்டில் அம்மா இப்போதே "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அவளைத் தவிர அந்த வினையைச் செய்து பார்த்தவர் ஒரே ஒருவர்தான்; அவருக்கு அது மசியவில்லை. பதினெட்டு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு, நாற்பத்தாறு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். ஆய்வகத்தில் அவருக்கு வாத்தியார் என்றே பெயர். அவளுடைய வினையைச் செய்து முடித்தால்தான் அவருடைய ஆய்வைத் தொடங்கவே முடியும். பதினோரு முறை செய்தார். பதினோரு முறையும் பூஜ்யம். "சாக்பீஸ் பிடிச்ச கை, வேறென்ன வரும்?" என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். சிரித்திருக்கக் கூடாது.

குடுவைக்குள் சுழன்று கலக்குவதற்கு விரல்நுனி அளவில் ஒரு வெள்ளைக் காந்தம் போடுவார்கள். அவளுடையது யார் யாரோ பயன்படுத்திய பழசு. தேய்த்தாலும் போகாத கறுப்புத் திட்டு ஏறியது. வியாழக்கிழமை அது கைக்குக் கிடைக்காமல் புதியது ஒன்றைப் போட்டாள். வினை நடக்கவில்லை. பழையதைத் தேடி எடுத்துப் போட்டாள், நடந்தது. அமிலத்தில் ஊறவைத்துக் கறையை எடுத்துவிட்டுப் போட்டாள். நடக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. யாரோ எப்போதோ செய்த சோதனையின் உலோகம் அந்தக் கறையில் ஒட்டிக்கொண்டு, ஐந்து வருடமாக அவளுக்காக உழைத்திருக்கிறது. வாத்தியார் ஒவ்வொரு முறையும் புதுக் காந்தம் எடுப்பவர். சுத்தமாகச் செய்ததுதான் அவர் செய்த குற்றம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் கிடைத்துவிடும். வெள்ளி முழுக்க அந்த எண்ணத்தோடுதான் கிடந்தாள். வெட்கமாகவும் இருந்தது, விடவும் முடியவில்லை. சனிக்கிழமை காலையில் வந்தால், வாத்தியார் தன் குறிப்பேடுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா இது?"

"போதும்மா. விலகல் கடிதம் குடுத்துட்டேன். பழைய வேலைக்கே போறேன்."

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் பையை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெளிய சொன்னா உன் அஞ்சு வருஷம் போயிடுமே."

"தெரியும்ணா."

"அப்போ என் கைல தப்பே இல்லையா?"

"இல்லண்ணா. நீங்க செஞ்சதுதான் சரி."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தன் போனை எடுத்து, எண்ணை அழுத்தி அவளிடம் நீட்டினார்.

"உங்க அண்ணி. நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா, மனசைத் தேத்திக்க ஏதோ சொல்றேன்னு நினைப்பா."

"அண்ணி, தப்பு என்னோடது..." என்று அவள் தொடங்கினாள். பேராசிரியர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவரைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்தாமல், அவள் முதலிலிருந்து சொன்னாள்.