பூட்டும் பட்டாசும்

அக்காளைப் 'பூட்டு' என்றும் தம்பியைப் 'பட்டாசு' என்றும் ஸ்னூக்கர் ஆடுகிற உலகம் கூப்பிட்டது. இரண்டு பெயரும் சும்மா வரவில்லை. தம்பி குழி கண்ணில் பட்டாலே பந்தை அடிப்பான். அடிக்கலாமா கூடாதா என்ற யோசனையெல்லாம் அடித்த பிறகுதான். அக்காள் நிச்சயமில்லாத பந்தைத் தொடவே மாட்டாள். கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்தை எதிராளிக்கு எட்டாத இண்டு இடுக்கில் நிறுத்திவிட்டு, "ஆடு, பார்க்கலாம்" என்கிற மாதிரி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வாள். தம்பி ஆடினால் அரங்கம் நிரம்பும். அக்காள் ஆடினால் தொலைக்காட்சிக்காரர்கள் அந்த நேரம் பார்த்துச் சாப்பிடப் போவார்கள்.

இந்தப் போட்டியில் விதி இருவரையும் ஒரே மேசையில் நிறுத்தியது. தம்பி தரவரிசையில் மேலே இருந்தான்; தோற்றாலும் அவன் இடத்துக்குப் பங்கமில்லை. அக்காள் விளிம்பில் நின்றாள். தோற்றால் தொழில்முறை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து பெயர் எடுபட்டுவிடும். இத்தனை வருஷ உழைப்பும் அன்றோடு சரி. அப்புறம் ஏதாவது கிளப்பில் பணக்காரப் பிள்ளைகளுக்குக் கோல் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.

காலையில் பயிற்சி அறையில் தம்பி கோலைத் துடைத்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, எனக்கு இது தோத்தாலும் ஒண்ணும் ஆகாது. உனக்குத்தான்..."

"வாயை மூடு" என்றாள் அவள். "விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சுது, என் வீட்டு வாசப்படி மிதிக்காதே. உன்னை ஜெயிக்க எனக்குத் தெரியும்டா."

வெறும் வாய்ச்சவடால் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் பட்டது.

முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பிரேக் போடுவதென்றாலே அவருக்குப் பிடிக்காது. மகன் பந்தைக் குழியில் போட்டால் கைதட்டுவார். மகள் வெள்ளையை ஒளித்துவைத்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அன்று மதியம் கடிகாரத்தை நிறையவே பார்த்தார். ஆட்டம் ஆளுக்குப் பாதியாகச் சமமாகி, ஜெயிப்பவர் யாரென்று தீர்க்கிற கடைசிச் சுற்றில், அதாவது கடைசி பிரேமில் வந்து நின்றது.

அந்த பிரேமில் தம்பி எடுத்த எடுப்பிலேயே வெளுத்துக்கட்டினான். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று மளமளவென்று நாற்பத்தொரு புள்ளி சேர்த்தான். பிறகு ஒரு பந்து குழி வாயில் ஆடி வெளியே வந்துவிட, மேசை அக்காள் கைக்கு வந்தது. அவள் எதையும் போடவில்லை. இரண்டு மூன்று அடியில் மேசையையே பூட்டிவிட்டாள். கறுப்புப் பந்து ஒரு மூலைக் குழியின் வாயை அடைத்துக்கொண்டது. மிச்சமிருந்த சிவப்புகளெல்லாம் அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அந்தக் கும்பலை யார் பலமாக அடித்துக் கலைக்கிறாரோ, அவர் எதிராளிக்கு இலை போட்டு விருந்து வைத்த மாதிரி.

ஆகவே தம்பி வெள்ளையை மெல்ல உருட்டி ஒரு சிவப்பைத் தொட்டு நிறுத்தினான். அக்காளும் தொட்டு நிறுத்தினாள். மறுபடி அவன், மறுபடி அவள். விடாக்கண்டனுக்கும் கொடாக்கண்டனுக்கும் நடக்கிற வழக்குப்போல அது நீண்டுகொண்டே போனது. யாரோ சத்தமாகக் கொட்டாவி விட்டார்கள்.

நடுவர் முன்னால் வந்தார். "இப்படியே போனா ஆட்டம் நகராது. ரெண்டு பேருக்கும் சம்மதம்னா இந்த பிரேமை அழிச்சுட்டு, பந்துகளை அடுக்கிப் புதுசா ஆரம்பிக்கலாம்."

அழித்தால் நாற்பத்தொன்றும் அழியும். முன்னால் இருக்கிறவன் லேசில் சம்மதிக்கிற விஷயமல்ல.

"எனக்குச் சம்மதம்" என்றான் தம்பி.

அரங்கம் சலசலத்தது. அக்காளுக்குச் சுருக்கென்றது. காலையில் அத்தனை சொல்லியும் விட்டுக்கொடுக்கிறானா? அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் மருத்துவமனை வரிசையில் நின்றாலும் பொறுமை போனால் அந்தக் கால் அப்படித்தான் தட்டும். அவளுக்கு நிம்மதி வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எனக்குச் சம்மதமில்லை. இப்படியே ஆடறேன்" என்றாள்.

பின்வரிசையில் ஒருவர், "இந்தம்மாவுக்குப் பைத்தியமா?" என்றார். "ரோஷம். எங்க வம்சத்து ரோஷம்" என்று அப்பா பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெருமையும் கவலையுமாகச் சொல்லிக்கொண்டார்.

"அப்படின்னா ஆளுக்கு மூணு அடி. அதுக்குள்ள நிலைமை மாறலேன்னா நானே புதுசா அடுக்கிடுவேன்" என்றார் நடுவர்.

தம்பி ஒருமுறை தொட்டு நிறுத்தினான். அக்காளும் அப்படியே. அவன் இரண்டாவது முறை தொட்டான். அக்காள் தன் இரண்டாவது முறைக்குக் குனிந்தபோது ஒரு மயிரிழை கூடுதலாகத் தள்ளினாள். கும்பலின் ஓரத்திலிருந்த சிவப்பு ஒன்று விரலகலம் விலகி, மறு மூலைக் குழியைப் பார்த்தபடி நின்றது. போடக்கூடிய பந்துதான். ஆனால் பத்தில் மூன்று முறைதான் விழும்.

தம்பி அதைப் பார்த்தான். வழுக்காமலிருக்கக் கோல் நுனியில் சாக் கட்டி தேய்த்தான். கால் தட்டுவது நின்றுவிட்டது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஓங்கி அடித்தான்.

சிவப்பு குழியின் இரண்டு தாடையிலும் முட்டி வெளியே நின்றது. வெள்ளை போய்க் கும்பலுக்குள் பாய, சிவப்புகள் மேசை முழுக்கச் சிதறின. அடைபட்டுக் கிடந்த கறுப்பும் விடுபட்டுத் திறந்த வெளிக்கு வந்தது.

அக்காள் எழுந்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் ஒளிக்கவில்லை. சிவப்பைப் போட்டாள், கறுப்பைப் போட்டாள், வெள்ளையைச் சொன்ன இடத்தில் நிறுத்தி அடுத்த சிவப்பைப் போட்டாள். தம்பி தண்ணீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தான். இனி அவன் எப்படி ஆடினாலும் எட்ட முடியாது என்றானதும் எழுந்து வந்து கையை நீட்டினான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அப்பா எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. அடுத்த வருஷமும் பட்டியலில் தன் பெயர் இருக்கும் என்ற நினைப்பு அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. கண் நிறைந்தது.

தம்பி அவள் கையை விடாமல் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அக்கா, நான் விட்டுக்குடுக்கறேன்னு நினைச்சுத்தானே வேண்டாம்னே? சத்தியமா இல்ல. எனக்கு நிஜமாவே பொறுக்க முடியல."

"தெரியும்டா. உன் காலைப் பார்த்தேனே."

"அப்புறம் ஏன் வேண்டாம்னே? நாப்பத்தொண்ணு சும்மா அழிஞ்சிருக்குமே."

"புதுசா அடுக்கினா மேசை திறந்துரும். திறந்த மேசையில முதல் வாய்ப்பு உனக்குக் கிடைச்சா நான் காலி. பூட்டின மேசைன்னா நாப்பத்தொண்ணு என்ன, அறுபது பின்னால இருந்தாலும் எனக்குப் பயமில்ல."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். முகம் மெல்ல மாறியது.

"அந்தக் கடைசி ஒரு தடவை மட்டும் நான் சும்மா தொட்டு நிறுத்தியிருந்தா, நடுவரே புதுசா அடுக்கியிருப்பாரே. அப்ப என்ன பண்ணியிருப்பே?"

"சும்மா தொட்டு நிறுத்தறதா?" என்றாள் அக்காள். "நீயா?"